உஷார்! கம்ப்யூட்டர் பச்சை காட்டினாலும் முன்சக்கரத்தை நம்பாதீங்க

புதுச்சேரியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, தாத்தா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, எதுவாக இருந்தாலும் சரி. அடுத்த முறை ஈ.சி.ஆர். பக்கம் வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கல்யாணமாக இருந்தாலும் பஸ்ஸில் போங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். காரணம், ‘வண்டி கொஞ்சம் இடதுபக்கம் இழுக்குது, அலைன்மென்ட் பார்த்தா சரியாயிடும்’ என்ற ஒற்றை வாக்கியம். இதைச் சொல்லாத பழைய கார்க்காரர் நம் ஊரில் இல்லை. இழுப்பு, ஆட்டம், ஸ்டீயரிங் கனம், டயர் ஒருபக்கமாகத் தேய்வது என எதுவானாலும் ‘அலைன்மென்ட் போயிடுச்சு’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். நாலைந்து நூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரமாக அதை நினைத்தும் விடுகிறோம். புது காரில் பெரும்பாலும் அது அப்படித்தான். நாற்பது, ஐம்பது வருஷத்து வண்டியில் அலைன்மென்ட் சும்மா போகாது. சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று தேய்ந்து, துருப்பிடித்து, விரிசல் விட்டு, கடைசியாகத்தான் அலைன்மென்டைக் கெடுக்கும். அந்த ஏதோ ஒன்றைத் தேடாமல் கோணத்தை மட்டும் திருத்திக்கொண்டு வருவது, கீல் ஆடும் கதவுக்குப் பூட்டு மாற்றுகிற வேலை.

நம் ஊருக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. இந்த நகரம் பழைய காரின் நோயை மறைத்து வைக்கும். ஒயிட் டவுன் முழுக்க நேர்கோட்டு வீதிகள். துய்மா வீதியில் புறப்பட்டால் நிமிஷத்துக்கு ஒரு முக்கு, முக்குக்கு ஒரு திருப்பம். வேகம் முப்பதைத் தாண்டாது. இரண்டாவது கியரிலேயே ஊர் முடிந்துவிடும். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டியே விடமாட்டார்கள். இந்த வேகத்தில், சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின் தேய்ந்திருந்தாலும் பேசாது, வளைந்த ஸ்டீயரிங் ஆர்மும் பேசாது. போட்டோ ஷூட்டுக்கு மஞ்சள் சுவர் முன்னால் நிற்கும்போது வண்டி ராஜா மாதிரிதான் தெரியும். சிவாஜி சிலையைத் தாண்டி, கோட்டக்குப்பம் நெரிசலும் தாண்டி, காலாப்பட்டுக்கு அப்புறம் சாலை விரிகிறதே, அங்கேதான் நாலாவது கியர் விழும். அறுபது, எழுபது வரும்போது ஸ்டீயரிங் லேசாகப் படபடக்க ஆரம்பிக்கும். ஒரு பள்ளம் வந்தால் அந்தப் படபடப்பு நிற்காமல் பெரிதாகும். எதிரே அரசுப் பேருந்து. வலப்பக்கம் போக இடமில்லை, இடப்பக்கம் மணல்.

இப்படிப்பட்ட வண்டிகளைத்தான் வாரக்கடைசியில் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சென்னைக்கும் திண்டிவனத்துக்கும் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் விஷயத்துக்கு வருவோம். இன்று ஊரெங்கும் டயர் கடைகளில் 3டி அலைன்மென்ட் மெஷின் இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் பலகை மாட்டுவார்கள், எதிரே கேமரா, திரையில் எண்கள். சிவப்பாக இருப்பது பச்சையானதும் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். மெஷினில் தவறில்லை. எந்த அளவோடு அது ஒப்பிட்டது என்பதில்தான் சிக்கல். பட்டியலில் உங்கள் வண்டி இல்லையென்றால், மெஷினில் நிற்கும் தம்பி அளவில் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் ஏதோ ஒரு காரைத் தேர்ந்தெடுத்துவிடுவார். 1968-ல் செய்த ஹெரால்டை நேற்று வந்த ஹேட்ச்பேக்கின் அளவோடு ஒப்பிட்டு, பச்சை விளக்கு வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. அவர் பிறப்பதற்கு முன்னாலேயே நின்றுபோன வண்டி அது. வண்டியின் பழைய சர்வீஸ் புத்தகத்தில் டோ, கேம்பர், கேஸ்டர் அளவுகள் இருக்கும். அதை நகலெடுத்துக் கையோடு கொண்டுபோக வேண்டியது நம் வேலை.

மூன்று கோணங்கள், சுருக்கமாக. மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் முன்னால் நெருங்கி நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பது டோ. முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். திருப்பம் முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதே, அதற்குக் கேஸ்டர்தான் முக்கியக் காரணம். பழைய வண்டிகளில், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்வது சுலபம். மற்ற இரண்டும் அப்படியல்ல. சிலவற்றில் ஷிம் தகடு வைத்துக் கொஞ்சம் மாற்றலாம், சிலவற்றில் திருத்தவே இடமிருக்காது. திருத்த இடமில்லாத வண்டியில் கேம்பர் தப்பாகக் காட்டினால், ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றே பொருள். ஆனால் கடையில் என்ன நடக்கிறது? ‘கேம்பர் இதுல அட்ஜஸ்ட் ஆவாது சார், டோ மட்டும் வச்சுட்டேன்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அபாய மணி அடித்த இடமே அதுதான்.

டோ கொஞ்சம் தப்பினால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அம்பாசடரின் டயர் உயரம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். ஒரு சக்கரத்துக்கு 3 மில்லிமீட்டர் தப்பு, அதாவது இரண்டும் சேர்ந்து 6 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் உருளும்போதும் அந்த டயர் நாலரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. புதுச்சேரியிலிருந்து சென்னை சுமாராக 150 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட 700 மீட்டர் தூரம் டயரைத் தாரில் போட்டு உரசியிருக்கிறீர்கள். ரப்பர் மட்டும் தேயாது. அந்த இழுவை முழுவதையும் டை ராடு எண்டும், கிங் பின்னும், புஷ்ஷும், பேரிங்கும் சுமக்கின்றன. ஏற்கெனவே தேய்ந்தவை மேலும் தேயும். ஆட்டத்தால் அலைன்மென்ட் கெட, கெட்ட அலைன்மென்டால் ஆட்டம் கூடுகிறது.

சரி, தூக்கி ஆட்டிப் பார்ப்பது எப்படி? சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, மேலே தள்ளும்போது கீழே இழுங்கள். கைக்கு ஒரு ‘டொக்’ தெரிந்தால் கிங் பின், அதன் முனையைத் தாங்கும் மூட்டான ட்ரன்னியன், அல்லது வீல் பேரிங். இவற்றில் எது என்று பிரிக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். டொக் நின்றுவிட்டால் பேரிங். நிற்கவில்லையென்றால் கிங் பின் பக்கம்தான், அது பெரிய வேலை. பிறகு கையை இடமும் வலமுமாக வைத்து ஆட்டுங்கள். அங்கே ஆடினால் டை ராடு எண்டு, அல்லது ஸ்டீயரிங் ராக், பாக்ஸ். சந்தேகம் இருந்தால் ஒருவர் ஆட்ட, இன்னொருவர் அந்தந்த மூட்டின் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். அலைன்மென்ட் பிரிண்ட் டேஷ்போர்டிலேயே இருக்கிறது, எல்லாம் பச்சை. மேஸ்திரி முன்சக்கரத்தைத் தூக்கி இரண்டு கையால் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரத்தின் உச்சி விரற்கடை அளவு உள்ளே போய் வந்தது. சொந்தக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: “வண்டி தரையில நிக்கும்போது எடை அழுத்தி ஆட்டத்தை மறைச்சிடும் சார். மெஷின் நின்ன வண்டியைத்தான் பாக்கும். ஓடுற வண்டியைப் பாக்காது.”

அதனால் அலைன்மென்ட் கடையில் ஒன்று கேளுங்கள். ஒருமுறை அளவெடுத்த பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து நேராக்கி, மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. காசை மிச்சப்படுத்திக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். ஆட்டத்தைச் சரிசெய்யாமல் வைக்கிற அளவு கடை வாசல் தாண்டும் வரைக்கும்கூட நிற்காது.

வண்டிக்கு வண்டி ஆபத்து வேறு. நம் தெருக்களில் பிரெஞ்சுக் காலத்து கார்கள் ஓடுவதாக வெளியூர்க்காரர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். நாம் தினசரி பார்ப்பது மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடரும், மும்பை குர்லாவில் செய்த பத்மினியும்தான்.

அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை ஓடிய தயாரிப்பு. முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் முறுக்கித்தான் சக்கரத்தைத் தாங்கும். வருஷங்கள் போகப்போக அது தளரும். ஒருபக்கம் மட்டும் தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், கேம்பரும் சேர்ந்து போகும், இழுப்பு வரும். அலைன்மென்ட் மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்க உயரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். உயரம் சரியில்லாத வண்டிக்கு டோ வைப்பது வெட்டி வேலை. டார்ஷன் பாரைக் கழற்றினால் இடது எது, வலது எது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு திசையில் முறுக்கிப் பழகிய கம்பியை மறுபக்கம் மாட்டினால் முறிய வாய்ப்புண்டு. இந்த வண்டிக்குக் கீழே இருக்கிற கிரீஸ் நிப்பிள்கள்தான் அதன் ஆயுள் ரேகை. சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் கன்னை வைத்து இரண்டு அடி அடித்துவிட்டு ‘முடிஞ்சுது சார்’ என்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். மூட்டின் ஓரத்திலிருந்து பழைய கறுத்த கிரீஸ் பிதுங்கி, அதன் பின்னால் புது கிரீஸ் வந்தால்தான் உள்ளே போனது. நிப்பிளைச் சுற்றியே வழிந்தால் உள்ளே வழி அடைத்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி எடையை எடுத்துவிட்டு அடித்தால் ஏறலாம். ஏறவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றியாக வேண்டும்.

அம்பாசடரின் சித்தப்பா பிள்ளை மாரிஸ் மைனர். ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் நம் நாட்டிலும் வந்தது. இதன் கீழ் ட்ரன்னியனுக்கு உலகம் முழுக்கக் கெட்ட பெயர். திருகு மரை தேய்ந்து போய், ஒருநாள் மரையிலிருந்து கழன்று, சக்கரம் அப்படியே மடங்கிவிடும். கிரீஸ் ஒழுங்காக அடித்த வண்டிக்கு இது அபூர்வம், மறந்த வண்டிக்கு நிச்சயம்.

பத்மினி, ஃபியட் 1100 டிலைட்டின் மறுபெயர். 1974-ல் இந்தப் பெயர் வந்தது. இதில் ராக் கிடையாது, ஸ்டீயரிங் பாக்ஸ். இங்கே நடக்கும் திருட்டு வைத்தியம் என்னவென்றால், ஸ்டீயரிங்கில் ப்ளே இருக்கிறது என்று போனால் பாக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்கிவிடுவார்கள். நேராகப் போகும்போது ப்ளே குறைந்தது போலிருக்கும். முக்கில் ஒடித்தால் ஸ்டீயரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். மிஷன் வீதி முக்கில் அப்படிப் பிடித்தால் எதிரே வருகிறவர் சைக்கிளில் இருப்பார் என்பதை மறக்காதீர்கள். ப்ளே பாக்ஸிலா, ஐட்லர் ஆர்மிலா, டை ராடு எண்டிலா என்று கண்டுபிடித்த பிறகே திருகில் கை வைக்கவேண்டும்.

இப்போது ஹெரால்டு. இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்திலேயே, வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த வண்டி. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இன்னும் வீட்டுக் கொட்டகைகளில் மூடி வைத்திருக்கிறார்கள். இதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, ஒரு வெண்கல ட்ரன்னியனுக்குள் மரையாக இறங்கியிருக்கும். திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஆயில். கியர் பாக்ஸுக்குப் போடும் கனமான இ.பி.90 ஆயில். இதை அறியாமல் எல்லா வண்டியையும் போல கிரீஸ் கன்னால் அடித்துத் தள்ளுகிறார்கள். கிரீஸ் நாளடைவில் காய்ந்து இறுகும், அடிவரை போகாது, தண்ணீர் உள்ளே இறங்கும், எஃகு மரை துருப்பிடிக்கும், தண்டு அந்த இடத்தில் முறியும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. அநேகமாக மெதுவாக வண்டியைத் திருப்பி நிறுத்தும்போதுதான் முறியும், ஏனென்றால் முழுக்க ஒடிக்கும்போதுதான் மரைக்குப் பாரம் அதிகம். அது அதிர்ஷ்டம். வேகத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனசில்லை. ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தண்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மரையில் அரிப்பு இருக்கிறதா என்று ஒருமுறையாவது வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அரிப்பு இருந்தால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி மாட்டாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆயில்.

கடலோர ஊரில் துரு பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை, கிரில் கேட்டே சாட்சி. ஆனால் காரில் நாம் பார்ப்பது கதவின் அடியையும் மட்கார்டையும்தான். ஆபத்தான துரு அடியில், சஸ்பென்ஷன் ஆர்ம் மாட்டியிருக்கும் இடத்திலும், டார்ஷன் பார் போய் முடியும் குறுக்குச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தத் தகடு மெலிந்தால் பிரேக் அடிக்கும்போது சக்கரமே இடம் மாறும், அலைன்மென்ட் நிமிஷத்துக்கு ஒன்றாகக் காட்டும். மேலே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்த வண்டிகள் சந்தையில் நிறைய. வாங்குவதற்கு முன் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். மட்கியது மொத்து சத்தம் போடும்.

அதோடு வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்குப் பக்கத்திலேயே கரையேறி நகராமல் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். அன்று கொட்டகையில் நின்ற பழைய கார்களுக்கு இன்ஜின் ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள், ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷப்பட்டார்கள். முன்சக்கர பேரிங்கையும், கிங் பின்னையும், ஸ்டீயரிங் ராக்கின் ரப்பர் உறையையும் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? தண்ணீர் கலந்த கிரீஸ் வெளுத்துக் குழகுழத்துப் போகும், பிறகு அது காப்பாற்றாது. உள்ளே துரு மெதுவாக வேலை செய்யும். வருஷம் கழித்துத்தான் டொக் கேட்கும். தண்ணீரில் நின்ற வண்டியானால், எவ்வளவு நாளாகியிருந்தாலும் பேரிங்கைத் திறந்து பாருங்கள்.

டயர் விஷயத்தில் இன்னொரு உஷார். இந்த வண்டிகள் எல்லாம் குறுக்கு இழை டயருக்காகச் செய்யப்பட்டவை, அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14. இன்று கிடைப்பது பெரும்பாலும் ரேடியல். ரேடியல் போடலாம், நல்லதும்கூட. (ரேடியலே பிரெஞ்சுச் சரக்குதான். மிஷலின் கம்பெனி 1946-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியது.) ஆனால் பழைய புத்தகத்தில் உள்ள டோ அளவு குறுக்கு இழை டயருக்கானது. ரேடியலுக்கு அதைவிடக் குறைவாகவே வேண்டும். விவரம் தெரிந்தவரிடம் கேட்டு வையுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் பழைய டயர் என்று கலந்து போட்டால் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கும். அழகுக்கென்று அகலமான அலாய் சக்கரம் மாட்டுவது அதைவிட மோசம். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்போது ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நெம்புகோலாகக் கிங் பின்னில் இறங்கும். டயர் தேயாமல் புதுசு போல் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் பட்டன் நன்றாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காகத் தடவிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் கையைக் கீறினால் டோ தப்பு. இதற்கு மெஷின் வேண்டாம்.

பட்டறை வேலைகளில் ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். வளைந்த ஸ்டீயரிங் ஆர்மையோ டை ராடையோ கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து நிமிர்த்துவது. பார்க்க நேராகிவிடும், மெஷினிலும் பச்சை வரும். ஆனால் அந்த இரும்பு பதம் போட்டுச் செய்தது. காய்ச்சிய இடத்தில் பதம் போய்விடும். உடைவதற்கு ஒரு நல்ல பள்ளம் போதும். வெல்டிங் வைத்ததும் அப்படியே. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதிலும் நெருப்பு வேண்டாம்.

பாகம் கிடைக்காததால்தானே இப்படிச் செய்கிறோம் என்பார்கள். உண்மைதான். மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டன. டாக்ஸிகள் ஓடிய வரைக்கும் பாகத்துக்கு ஒரு சந்தை இருந்தது. அம்பாசடர் என்ற பெயரையே 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சுக் கார் கம்பெனி பெழோ வாங்கிவிட்டது. நம் ஊரின் பழைய எசமானர்கள் வீட்டுக் கம்பெனிதான்! ஆனால் பெயர் வாங்கியவர்கள் கிங் பின் செய்து தருவதில்லை. கிடைப்பது சென்னைப் புதுப்பேட்டையில், அல்லது சிறு பட்டறைகளில் செய்த டூப்ளிகேட். டூப்ளிகேட் எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன், சில நன்றாகவே இருக்கின்றன. கிங் பின்னை மாட்டும்போது புஷ்ஷை ரீமர் போட்டு அளவாகச் செதுக்கினார்களா, அல்லது சுத்தியலால் அடித்து ஏற்றினார்களா என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கிங் பின்னை மட்டும் வாங்காதீர்கள். அவன் வண்டியில் தேய்ந்தது உங்கள் வண்டியில் வளராது.

ஆர்.டி.ஓ.வில் எஃப்.சி. புதுப்பித்துவிட்டேன், அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு: பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். அந்தச் சான்று அன்றைய தேதிக்கானது. அடுத்த ஐந்து வருஷம் உங்கள் டை ராடு எண்டுக்கு யாரும் ஜாமீன் நிற்கவில்லை. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டிகளை விண்டேஜ் என்று ‘வி.ஏ.’ வரிசை எண்ணில் பதியலாம். ஆனால் அதை அன்றாடம் ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் பழைய கார் பிடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வெள்ளை போர்டு சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னால் டிரைவரிடம், ‘அண்ணே, முன்சக்கரம் கடைசியா எப்ப தூக்கிப் பாத்தீங்க?’ என்று கேளுங்கள். சிரித்தால் வேறு வண்டி பாருங்கள். அவசரத்துக்கு அந்த வண்டியில்தான் போகவேண்டும் என்றால் ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து விழுப்புரம் சாலையில் எண்பதில் விரட்டும் யோசனை வேண்டாம்.

வழியிலேயே ஸ்டீயரிங் படபடக்க ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி அடிக்காதீர்கள். எடை முழுக்க முன்னால் சாய்ந்து ஆட்டம் இன்னும் மூர்க்கமாகும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாக இறங்கும் வரை நேராக விடுங்கள். படபடப்பு அடங்கியதும் மெல்ல இடதுபக்கம் ஒதுக்குங்கள். அடங்கிவிட்டதே என்று மறுபடி கிளம்பாதீர்கள். அடுத்த பள்ளம் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. ரெக்கவரி வண்டியைக் கூப்பிடும்போது ‘ஃபிளாட் பெட் வேணும்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். மரக்காணத்திலிருந்து கயிறு கட்டி, முன்சக்கரம் தரையில் உருள உருள இழுத்துக்கொண்டு வந்தால், மிச்சம் இருக்கிற மரையும் நம் ஊர் எல்லைக்குள் வருவதற்கு முன்னாலேயே போய்விடும்.